ஓடிபி வராமலே கார்டில் டாலர் போயிருக்கிறது, சிபிலில் தெரியாத லோனும் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

பொன்னிவளவன்:

சித்தியின் கிரெடிட் கார்டு விஷயமாகக் கேட்கிறேன். வெள்ளி இரவு 11.40-க்கு 1 டாலர், அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் 412 டாலர், 298 டாலர் என்று மூன்று எஸ்எம்எஸ். மூன்றிலும் கேள்விப்படாத வெளிநாட்டுக் கடைப் பெயர். ஓடிபி எதுவும் வரவில்லை, கார்டு பீரோவில்தான் இருக்கிறது. 12 மணிக்குள் கஸ்டமர் கேருக்குப் பேசி கார்டை பிளாக் செய்தாயிற்று. அங்கே பேசியவர், "இன்னும் பென்டிங்னு காட்டுது, ஸ்டேட்மென்ட் வந்ததும் டிஸ்ப்யூட் ஃபார்ம் கொடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஸ்டேட்மென்ட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நேற்று இரண்டாம் சனி, இன்று ஞாயிறு.

இதைப் பார்க்கப் போய் சிபில் ரிப்போர்ட்டும் எடுத்தோம். அதில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில் 45,000 ரூபாய் கன்ஸ்யூமர் லோன், இரண்டு தவணை பாக்கி. சித்தி அப்படி ஒன்று வாங்கவேயில்லை.

இரண்டும் ஒரே ஆட்களின் வேலையா? கார்டு பில்லைக் கட்டுவதா வேண்டாமா? போலீஸுக்குப் போனால் பிரயோஜனம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ஒரே ஆட்களாக இருக்க வாய்ப்பு குறைவு. வெளிநாட்டு ஆன்லைன் கடையில் கார்டை இழுக்க நம்பரும் காலாவதித் தேதியும் இருந்தாலே பல இடங்களில் போதும், சில இடங்களில் சிவிவி கேட்பார்கள். லோன் வாங்க பான், ஆதார், ஒரு செல்ஃபி, ஒரு போன் நம்பர் வேண்டும். கார்டு நம்பர் திருடுகிறவனிடம் பான் இருப்பது அபூர்வம். அதனால் இரண்டையும் தனித்தனிப் புகாராகவே நடத்துங்கள். ஒரே மெயிலில் சேர்த்து எழுதினால் கார்டு டெஸ்க் லோனைப் பார்க்காது, லோன்காரர் கார்டைப் பார்க்கமாட்டார், இரண்டும் கிடப்பில் போகும்.

கார்டுக்கு வருகிறேன். அந்த 1 டாலர்தான் சோதனை. நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு உடனே பெரிய தொகையை இழுப்பார்கள். ஓடிபி வராததற்குக் காரணம், கூடுதல் சரிபார்ப்பு நம் ஊர் வணிகர்களுக்குத்தான் நீண்ட காலமாகக் கட்டாயம். வெளிநாட்டுக் கடை அதைக் கேட்காமலே பணம் எடுத்துவிட முடியும். இதில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ஓடிபி இல்லாமல் வாங்கிய பணத்துக்கு மோசடிப் பொறுப்பு பொதுவாக அந்தக் கடைக்காரர் பக்கம் போய்விடும். வங்கி சார்ஜ்பேக் (கடைக்காரரிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கை) போட்டால் ஜெயிக்கிற கேஸ் இது. விசா என்றால் காரண எண் 10.4, மாஸ்டர்கார்டு என்றால் 4837. இரண்டுக்கும் அவகாசம் 120 நாள்.

அவசரம் சார்ஜ்பேக்குக்கு இல்லை, புகாருக்குத்தான். பிளாக் செய்தது புகார் ஆகாது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பு கிடையாது. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும் அதற்கு மேல் லிமிட் என்றால் 25,000 ரூபாயும் உங்கள் தலையில் வரும். 7 தாண்டினால் அந்தந்த வங்கியின் போர்டு பாலிசி என்ன சொல்கிறதோ அதுதான். கஸ்டமர் கேர் பேச்சைக் கேட்டு ஸ்டேட்மென்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தால் மூன்று நாள் போய்விடும்.

எண்ணுவது எப்படி என்றால், எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் வராது. உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாளைத்தான் எண்ண வேண்டும். இரண்டாம் சனி, ஞாயிறு போக, திங்கள் முதல் நாள், புதன் மூன்றாம் நாள். வழியில் உள்ளூர் விடுமுறை வந்தால் அதுவும் சேராது. ஆனாலும் புதன்வரை காத்திருக்காதீர்கள், இன்றே அனுப்புங்கள்.

மெயிலில் இருக்க வேண்டியது: கார்டின் கடைசி நான்கு எண், மூன்று பரிவர்த்தனையின் தேதி, நேரம், தொகை, எஸ்எம்எஸ்ஸில் உள்ளபடியே கடைப் பெயர், "இவற்றை நான் செய்யவில்லை, அனுமதிக்கவும் இல்லை, ஓடிபி வரவில்லை, கார்டு என் வசம் உள்ளது" என்ற வரி, பிளாக் செய்த நேரம், அதற்கான ரெஃபரன்ஸ் எண். கூடவே 10 வேலை நாளுக்குள் தற்காலிக வரவு வைக்கக் கேளுங்கள். ஷேடோ ரிவர்சல் என்று எழுதினால் அவர்களுக்கே புரியும். புகார் எண் உடனே தர வேண்டியது அவர்கள் கடமை. எண் வராவிட்டால் நாளைக் காலை கிளைக்குப் போய் அதே கடிதத்தைக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள்.

"பென்டிங், டிஸ்ப்யூட் போட முடியாது" என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. பென்டிங் என்றால் லிமிட்டில் தொகையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், கடைக்காரருக்குப் பணம் போகவில்லை. அது கணக்கில் போஸ்ட் ஆன பிறகுதான் 23 இலக்க ஏஆர்என், அதாவது அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண், பிறக்கும். அந்த எண் இல்லாமல் சார்ஜ்பேக் நகராது. ஆனால் மோசடி நடந்தது என்று தெரிவிக்க ஏஆர்என் தேவையே இல்லை. கார்டை பிளாக் செய்துவிட்டதால் பென்டிங் தொகை தானாக விழுந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். அனுமதி வாங்கிவிட்ட தொகையைக் கடைக்காரர் பிறகும் வசூலித்துக்கொள்ளலாம்.

ஃபார்ம் வந்ததும் ஒரு இடத்தில் கவனம். காரணம் என்று ஒரு பட்டியல் இருக்கும். "பொருள் வரவில்லை", "சந்தாவை ரத்து செய்தேன்" போன்றவற்றைத் தொட்டுவிட்டால் நீங்களே வாங்கியதாக ஒப்புக்கொண்ட மாதிரி, காரண எண்ணே மாறி கேஸ் தோற்கும். "நான் செய்யாத பரிவர்த்தனை" மட்டும்தான். மூன்றையும் குறிப்பிடுங்கள். 1 டாலர்தானே என்று விட்டுவிட்டால், "அதே மாதிரிக் கடையில் ஒன்றை நீங்களே ஏற்றுக்கொண்டீர்களே" என்று பதில் வரும்.

இன்னொன்று, அந்நியச் செலாவணி மார்க்அப், அதாவது டாலர் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம். பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 60,000 ரூபாய்க்கு 2,100-ம் 378-ம் ஆக 2,478 ரூபாய் தனி வரியாக ஸ்டேட்மென்ட்டில் ஏறும். அசலைத் திருப்பும்போது இதை மறந்துவிடுவது வாடிக்கை. முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

ஊர்க்குருவி:

இவ்வளவு சிக்கல் எதற்கு சார்? பில் முழுவதையும் கட்டிவிட்டு அப்புறம் சண்டை போடலாம். ஸ்கோராவது மிஞ்சும்.

கணக்குப்பிள்ளை:

ஊர்க்குருவி, 60 ஆயிரத்தைக் கட்டிவிட்டால் வங்கிக்கு அவசரமே போய்விடும். கட்ட வேண்டியதும் இல்லை. மோசடி என்று தகராறில் உள்ள தொகைக்கு, தகராறு தீரும்வரை கட்டணம் எதுவும் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிகளிலேயே இருக்கிறது. 2017 சுற்றறிக்கையும் வாடிக்கையாளர் மேல் கூடுதல் வட்டி ஏறக்கூடாது என்கிறது.

ஆனால் ஒன்றுமே கட்டாமல் விடுவது அதைவிட மோசம். சித்தி தானே செலவு செய்த தொகையை முழுசாகக் கட்டட்டும். தற்காலிக வரவு ஸ்டேட்மென்ட்டுக்கு முன் வந்துவிட்டால் பில்லே குறைந்து வரும், பிரச்சினை இல்லை. வராவிட்டால், கட்டும் தொகை மினிமம் டியூவுக்குக் கீழே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மினிமம் டியூ என்பது மோசடித் தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டதாக இருக்கும், கொஞ்சம் கூடத்தான் வரும். கட்டிய அன்றே "தகராறுத் தொகையை ஒப்புக்கொண்டு கட்டவில்லை" என்று ஒரு வரி மெயில். ஆட்டோ டெபிட்டில் "முழுத் தொகை" என்று வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள், இல்லாவிட்டால் சேமிப்புக் கணக்கிலிருந்து மொத்தமும் போய்விடும்.

தற்காலிக வரவு வந்ததும் கேஸ் முடிந்ததாக நினைக்கவேண்டாம். கடைக்காரர் எதிர்த்து ஆவணம் காட்டினால் அதைத் திரும்ப எடுப்பார்கள். 90 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் மேல்தான்.

தாமிரபரணிக்கரை:

லோன் பற்றி நான் எழுதுகிறேன். இதுதான் உண்மையில் பெரிய தலைவலி.

முதலில் இது அடையாளத் திருட்டா, ஃபைல் கலந்துபோனதா என்று பிரியுங்கள். நம்மூரில் இனிஷியலால் வரும் குழப்பம் சாதாரணமில்லை. எஸ். லட்சுமி ஒரு ஆவணத்தில் லட்சுமி எஸ், இன்னொன்றில் அப்பா பெயர் விரிந்து லட்சுமி சுப்பையா. அதே பெயர், அதே பிறந்த தேதி உள்ள வேறொருவரின் லோன் உங்கள் ரிப்போர்ட்டில் ஒட்டிக்கொள்வது உண்டு. ரிப்போர்ட்டில் அடையாள எண், முகவரி, தொலைபேசி என்று ஒரு பகுதி இருக்கும். ஸ்கோரைப் பார்த்துவிட்டு அதை யாரும் படிப்பதில்லை. அங்கே சித்தியின் பான் எண்ணோடு, அவருடையதல்லாத ஒரு மொபைல் எண் உட்கார்ந்திருந்தால் திருட்டு என்று கிட்டத்தட்ட உறுதி. வேறு பான் எண்ணே இருந்தால் கலப்பு.

அடுத்து, சிபில் மட்டும் போதாது. சிபில் மாதிரியே கடன் விவரம் வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் மூன்றிலும் எடுங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரவேண்டும். லோன் பகுதியோடு, கடன் கேட்டபோது எந்தெந்தக் கம்பெனி ரிப்போர்ட்டைப் பார்த்தது என்று காட்டும் விசாரணைப் பகுதியையும் பாருங்கள். இந்தக் கம்பெனி கொடுத்த அதே வாரத்தில் வேறு நான்கு இடத்தில் கேட்டுப் பார்த்திருந்தால் அது அங்கே தெரியும். நாளை முளைக்கப்போகிற லோனுக்கு அதுதான் முன்னறிவிப்பு.

பிறகு ஃபைனான்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். "இது என் லோன் இல்லை, நீக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் "எங்கள் ரெக்கார்டுப்படி சரியாக உள்ளது" என்று ஒரு வரி பதில் வரும். ஆவணம் கேளுங்கள்: விண்ணப்பம், கேஒய்சி நகல், செல்ஃபி அல்லது வீடியோ, மின்கையொப்பச் சான்று, ஓடிபி போன மொபைல் எண், ஐபி முகவரி, பணம் எந்தக் கணக்குக்குப் போனது. கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. டிஜிட்டல் லோன் என்றால் பணம் கடன் வாங்கியவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகவேண்டும் என்பது 2022 செப்டம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. போன், ஃபிரிட்ஜ் மாதிரி பொருளுக்கான லோன் என்றால் நேராகக் கடைக்குப் போயிருக்கும். அப்படியானால் இன்வாய்ஸ், டெலிவரி முகவரி, போனாக இருந்தால் அதன் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) கேளுங்கள். பணம் சித்தியின் கணக்குக்கு வரவில்லை, பொருள் சித்தியின் வீட்டுக்கு வரவில்லை என்று அவர்கள் ரெக்கார்டே சொல்லிவிட்டால் அப்புறம் வாதாட அவர்களிடம் ஒன்றுமில்லை.

அதே நாளில் நான்கு நிறுவனத்திலும் ஆன்லைனில் டிஸ்ப்யூட் போடுங்கள். "இந்தக் கணக்கு என்னுடையதல்ல" என்ற வகை. அவர்களாக அழிக்கமாட்டார்கள், கடன் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் மாற்றுவார்கள். அதனால்தான் இரண்டு பக்கமும் எழுதச் சொல்கிறேன். 30 நாளில் தீராவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் நினைவு வரும் பல பேருக்கு.

செய்யக்கூடாதது: "இரண்டு தவணைதானே, கட்டித் தொலைப்போம்" என்று கட்டுவது. ஒரு ரூபாய் கட்டினாலும் லோனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். செட்டில்மென்ட் பேசவும் கூடாது, ரிப்போர்ட்டில் "செட்டில்ட்" என்ற முத்திரை வருடக்கணக்கில் நிற்கும். வசூல் ஆட்கள் போன் செய்தால் புகார் எண்ணைச் சொல்லி, எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடவே அவர்களுக்கு அனுமதியில்லை.

கதவை அடைப்பதற்கு: ஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாறு பாருங்கள், கடந்த 6 மாதத்தில் யார், எப்போது, ஓடிபியா கைரேகையா என்று காட்டும். லோன் தேதியில் ஒரு பதிவு இருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் முக்கியம். பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். ஆனால் அது கைரேகை, கருவிழி, முகம் ஆகிய வழிகளை மட்டும்தான் அடைக்கும், ஓடிபி வழி திறந்தே இருக்கும். ஆதார் எண்ணையே பூட்டி, தேவைப்படும் இடத்தில் ஆதார் எண்ணுக்குப் பதிலான 16 இலக்க விஐடியைக் கொடுப்பதுதான் முழுப் பாதுகாப்பு. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சித்தியின் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் "என் எண் இல்லை" என்று அங்கேயே குறிக்கலாம். ரிப்போர்ட்டில் பார்த்த அந்த மொபைல் எண் இதில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வந்தால், சித்தியின் ஆவணத்தில் சிம்மையே வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ரைட்டர்மேசை:

போலீஸ் பக்கம். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு இன்றே அழைத்துவிட்டு, தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் இரண்டு தனிப் புகார் போடுங்கள். எதிர்பார்ப்பைச் சரியாக வையுங்கள். 1930 வேலை செய்வது பணம் இந்தியாவுக்குள் வங்கியிலோ வாலட்டிலோ இருக்கும்போது. அப்போது அடுத்தடுத்த கணக்குகளில் பிடித்து நிறுத்துவார்கள், அதில் முதல் சில மணி நேரம்தான் எல்லாம். வெளிநாட்டுக் கடைக்குப் போன டாலரை அது நிறுத்தாது. ஆனாலும் ஒப்புகை எண் வேண்டும், வங்கியும் பின்னால் ஓம்புட்ஸ்மேனும் (வங்கிப் புகார்களைத் தீர்க்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி) தேதியைப் பார்ப்பார்கள்.

லோன் விஷயத்தில் கட்டாயம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி அடையாளத் திருட்டு, 66டி கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். மனுவில் பிரிவு எழுதவேண்டியது உங்கள் வேலை இல்லை, என்ன நடந்தது என்று தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். கூட எஸ்எம்எஸ் ஸ்கிரீன்ஷாட், ரிப்போர்ட்டில் அந்த லோன் வரும் பக்கம், போர்ட்டல் ஒப்புகை.

முதலில் சிஎஸ்ஆர் ரசீதுதான் (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) தருவார்கள். ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் பல சமயம் அதுவே போதும். எஃப்ஐஆர்தான் வேண்டும் என்று அவர்கள் அடம்பிடித்தால் எழுத்தில் கேட்கச் சொல்லி, அந்தக் கடிதத்தோடு நிலையத்துக்குப் போங்கள். "எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் இப்போது செல்லாது, எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்ப அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவு இடம் தருகிறது.

இன்னொரு எச்சரிக்கை. புகார் கொடுத்த சில நாளில் "உங்கள் ரீஃபண்ட் ரெடி, ஆப் இறக்குங்கள்" என்று போன் வரலாம். வங்கி, போலீஸ் யாரும் பணம் திருப்ப ஓடிபியோ ஆப்போ கேட்பதில்லை. கஸ்டமர் கேர் நம்பரையும் கூகுளில் தேடாதீர்கள், கார்டின் பின்பக்கம் இருப்பதுதான்.

பொன்னிவளவன்:

எல்லோருக்கும் நன்றி. மெயில் போய்விட்டது, புகார் எண்ணும் வந்துவிட்டது. ஒரு சிக்கல். சித்தியிடம் துருவிக் கேட்டதில், போன மாதம் "ரிவார்டு பாயிண்ட் காலாவதியாகிறது" என்று ஒருவன் போன் செய்து கார்டு நம்பரும் தேதியும் வாங்கியிருக்கிறான். ஓடிபி கொடுக்கவில்லை என்கிறார். இதைச் சொன்னால் மொத்தமும் போய்விடுமா? சொல்லாமல் விடலாமா?

கணக்குப்பிள்ளை:

மறைக்காதீர்கள் தம்பி. ஃபார்மில் "கார்டு விவரத்தை யாருக்கேனும் கொடுத்தீர்களா" என்ற கேள்வி இருந்தால் உள்ளதைச் சொல்லவேண்டும். பொய் சொல்லி அழைப்புப் பதிவில் மாட்டினால் ஜெயிக்கிற கேஸும் போகும்.

சுற்றறிக்கையின்படி, பணம் செலுத்தும் ரகசிய விவரத்தைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது வாடிக்கையாளர் பாடு, தெரிவித்த பிறகு போவது வங்கி பாடு. வங்கி அந்த வரியைத்தான் பிடிக்கும். உங்கள் பதில் இரண்டு. ஒன்று, நம்பரும் தேதியும் கார்டின் முகத்திலேயே அச்சடித்திருப்பது, ஒவ்வொரு கடைக்காரரும் பார்ப்பது. பின் நம்பர், ஓடிபி எதையும் கொடுக்கவில்லை, அந்த அழைப்பால்தான் பணம் போனது என்று காட்டவேண்டியது வங்கி. இரண்டு, பொறுப்பு விதி வேறு, சார்ஜ்பேக் வேறு. சித்தியின் கவனக்குறைவு என்று வங்கி நினைத்தாலும் ஓடிபி கேட்காத கடைக்காரர்மேல் சார்ஜ்பேக் போட அதற்குத் தடையில்லை. "பரிவர்த்தனைகள் கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் நடந்தவையா, சார்ஜ்பேக் எந்தத் தேதியில் போடப்பட்டது" என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வி போனாலே ஃபைல் வேறு மேசைக்குப் போகும்.

மறுத்தால், அல்லது 30 நாள் பதிலே வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் புகார் தளமான சிஎம்எஸ் போர்ட்டலில் ஓம்புட்ஸ்மேன் புகார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஆனால் வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் செய்த சான்று இல்லாமல் எடுக்கமாட்டார்கள். சிபில் மாதிரி நிறுவனங்கள்மேலும் அங்கேயே போடலாம்.

அப்புறம் வங்கியின் ஆப்பில் டோக்கன் (கார்டு எண்ணுக்குப் பதிலாகத் தளங்கள் சேமிக்கும் மாற்று எண்) பட்டியல் என்று ஒன்று இருக்கும், எந்தெந்தத் தளத்தில் கார்டு சேமிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும். டோக்கன் உருவாக ஓடிபி தேவை. தெரியாத பெயர் ஒன்று அதில் இருந்தால் சித்தி சொல்வது முழுக் கதை இல்லை. இன்னொரு தடவை பக்குவமாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

புதுக் கார்டு வரும்போது உள்ளூர் ஏடிஎம், கடை மெஷின் இரண்டுக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். ஆன்லைன், வெளிநாடு, கார்டை மெஷினில் தட்டிக் கட்டுவது மூன்றும் நாம்தான் ஆப்பில் திறக்கவேண்டும். சித்தி வெளிநாட்டுத் தளத்தில் வாங்குகிறவர் இல்லை என்றால் அந்த வெளிநாட்டு சுவிட்சைத் தொடவே வேண்டாம்.